ஆரவாரச் சொற்களும் அவற்றுக்கு நாம் கொடுக்கும் விலையும்

எமது ஊர்களில் நடைபெறும் நூல் வெளியீட்டு விழாக்களின் அழைப்பிதழ்களைக் கூர்ந்து பார்ப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். நூலின் பெயரும் நூலாசிரியரின் பெயரும் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்க, தலைமை வகிப்பவர், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என வகைப்படுத்தப்பட்டோரின் பெயர்களும் அவற்றுக்கு முன்னும் பின்னும் தொங்கும் பட்டங்களுமே பெரும்பகுதியை நிறைத்திருக்கும். விழா தொடங்கியதும் இதே வரிசை மேடையிலும் அரங்கேறும். ஒவ்வொரு பேச்சாளரும் மேடையில் வீற்றிருப்போர் அனைவரையும் பட்டம், பதவி, அடைமொழி சகிதம் விளித்த பின்னரே பேச்சைத் தொடங்குவார். ஒருவர் இதற்கு மூன்று நிமிடங்களை மாத்திரம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், பத்துப் பேர் உரையாற்றும் விழாவில் அரை மணித்தியாலம் விளிப்புக்கே போய்விடுகின்றது. அதன் பின்னர் கடலும் இமயமும் உவமைகளாக வந்து ஓய்ந்து, நூலில் என்ன இருக்கின்றது என்பதைச் சொல்ல வேண்டிய வேளை வரும்போது சபையில் பாதிப் பேர் எழுந்து சென்றிருப்பர்.

இதனை ஒரு வேடிக்கையாகக் கருதிச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். விழா மேடையில் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்வதால் எவருக்கும் பெரிய நட்டம் ஏற்பட்டுவிடப் போவதில்லை. ஆயினும், பிறரை வியக்க வைப்பதற்காகக் கையாளப்படும் இந்த ஆரவார மொழி விழா மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடுவதில்லை. அரச அலுவலகத்தின் கடிதத்திலும், வைத்தியசாலையின் அறிவித்தலிலும், ஆணைக்குழுவின் அறிக்கையிலும், அரசியல் தலைவர்களின் பேச்சிலும் அது குடிகொண்டிருக்கின்றது. அவ்விடங்களில் அதற்கான விலையைச் செலுத்துபவர், விளங்கிக்கொள்ள வேண்டிய தேவையோடு வந்து நிற்கும் சாதாரண மனிதரே. இக்கட்டுரையின் கவலை அவரைப் பற்றியதாகும்.

முதலில் எது ஆரவார மொழி என்பதில் தெளிவு வேண்டும். கடினமான மொழி அனைத்தும் ஆரவார மொழியாகிவிடாது. சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உரிய கலைச்சொற்கள் இருக்கின்றன. அவற்றைத் தவிர்த்தால் பொருள் மயங்கும். கவிதைக்கும் பக்தி இலக்கியத்துக்கும் உரிய உயர்ந்த நடை உண்டு. அதனைக் குறை கூறுவார் இலர். சொல்ல வந்த பொருளுக்குத் தேவையில்லாத போதும், கேட்பவருக்கு விளங்காது என்று தெரிந்த போதும், தன்னைப் பெரியவனாகக் காட்டிக்கொள்வதற்காக ஒருவர் எடுத்துச் சூடிக்கொள்ளும் சொற்களே இங்கு கண்டிக்கப்படுபவை. சொல் கடினமானதா என்பதிலும் பார்க்க, அந்தக் கடினம் யாருடைய தேவைக்காக வந்தது என்பதே முக்கியமானது.

இந்த வேறுபாட்டை எமது முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். 1822ஆம் ஆண்டு நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் வடமொழியும் தமிழும் ஆங்கிலமும் கற்ற பேரறிஞர். கண்டனங்களில் அவர் கையாண்ட நடை அறிஞரோடு பொருதும் நடை. ஆனால், அவரே சிறுவர்களுக்காகப் பாலபாடங்களை எழுதியபோது படிமுறையாக அமைந்த எளிய வாக்கியங்களைப் பயன்படுத்தினார். செய்யுளில் இருந்த பெரியபுராணத்தை வசனமாக எழுதினார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரவலாகக் கையாண்ட முன்னோடிகளுள் அவரும் ஒருவர். எவருக்காக எழுதுகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ப நடையைத் தெரிவு செய்தமையே நாவலரின் பெருமையாகும்.

அதே 1822ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் தொடங்கிய அந்தக் கல்வியைப் பின்னர் அவர் தமிழுக்கு மாற்றினார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்ததுடன், அவற்றுக்கு வேண்டிய கலைச்சொற்களையும் தொகுத்தளித்தார். 60இற்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவர்களாயினர். கற்றவனின் அறிவு ஊரவரைச் சென்றடைய வேண்டுமாயின் அது ஊரவரின் மொழியில் இருக்க வேண்டும் என்பதை ஓர் அந்நியர் விளங்கிக்கொண்டிருந்தார்.

முஸ்லிம்கள் மத்தியிலும் இதே மரபைக் காணலாம். கண்டியில் பிறந்த சட்டத்தரணி எம். சி. சித்திலெப்பை 1882ஆம் ஆண்டு 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தது தமது புலமையைக் காட்டுவதற்காகவன்று. கல்வியில் பின்தங்கியிருந்த ஒரு சமூகத்தை எழுப்ப வேண்டும் என்பதே அவரது நோக்கம். 1885ஆம் ஆண்டு வெளிவந்த அவரது 'அசன்பே சரித்திரம்' தமிழின் ஆரம்பகால நாவல்களுள் ஒன்றாகும். அவருக்கு முன்னரே வழக்கிலிருந்த அரபுத் தமிழும் இத்தகைய தேவையிலிருந்து பிறந்ததே. குர்ஆனை ஓதுவதற்காக அரபு எழுத்துக்களைக் கற்றிருந்த பெண்களும் பொதுமக்களும் மார்க்க விடயங்களைத் தமது சொந்த மொழியான தமிழிலேயே வாசித்தறிவதற்கு அது வழி செய்தது.

இத்தகைய முன்னோடிகளைக் கொண்டிருந்தும் ஆரவார நடை எம்மை விட்டு நீங்கவில்லை. காலத்துக்குக் காலம் அது தன் ஆடையை மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றது. ஒரு காலத்தில் வடமொழிச் சொற்களை வலிந்து நிரப்பி எழுதுவதே புலமையின் அடையாளமாக இருந்தது. மறைமலையடிகள் 1916ஆம் ஆண்டளவில் தொடக்கிய தனித்தமிழ் இயக்கம் அதற்கு எதிராக எழுந்தது. தமிழின் சொல்வளத்தை அவ்வியக்கம் மீட்டுத் தந்தமை மறுக்க முடியாதது. எனினும் அதன் பெயரால், மக்கள் நாவில் வழங்கும் சொல்லை விலக்கிவிட்டு எவருக்கும் விளங்காத பழஞ்சொல்லைத் தேடிப் பிடித்து எழுதுவதையே புலமை எனக் கொண்டோரும் தோன்றினர். 1940களின் பின்னர் தமிழ்நாட்டின் திராவிட இயக்க மேடைகளில் வளர்ந்த அடுக்குமொழிப் பேச்சு, நூல்கள் வாயிலாகவும் 1952இல் வெளிவந்த 'பராசக்தி' போன்ற திரைப்படங்கள் வாயிலாகவும் எமது மேடைகளையும் வந்தடைந்தது. அங்கு அது ஒரு சமூக மாற்றத்தின் கருவியாக இருந்தது. அந்த வேகத்தையும் பொருளையும் விட்டுவிட்டு எதுகை மோனையை மாத்திரம் இரவல் வாங்கியோர் இங்கு பலர்.

இன்று அதே ஆரவாரம் மொழிபெயர்ப்பு ஆடையில் வந்து நிற்கின்றது. 'இயலளவு விருத்தி', 'வலுவூட்டல்', 'நிலைபேறான அபிவிருத்தி', 'பொறிமுறை' ஆகிய சொற்கள் இல்லாமல் ஒரு கருத்தரங்கும் நடைபெறுவதில்லை. இச்சொற்களுக்கு உரிய இடத்தில் உரிய பொருள் உண்டு. ஆனால், பத்துப் பெண்களுக்குத் தையல் பழக்கியதைக்கூட 'இயலளவு விருத்தி ஊடாகப் பொருளாதார ரீதியில் வலுவூட்டியமை' என்று எழுதும்போது, அந்தப் பத்துப் பெண்களும் தையலும் காணாமற்போய்விடுகின்றனர். பயிற்சி பெற்றவர்களுள் எத்தனை பேர் இன்று தைத்து உழைக்கின்றனர் என்ற கேள்வியும் அவர்களோடு மறைந்துவிடுகின்றது.

இப்பழக்கம் எங்கிருந்து வருகின்றது? விளங்காத மொழியில் பேசுபவரிடம் அதிகாரம் இருக்கும் என்பது எம் மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கண்ட அனுபவம். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நீதிமன்றத்தில் வழக்காளியின் தலைவிதி அவருக்கு விளங்காத மொழியில் தீர்மானிக்கப்பட்டது. கச்சேரியில் அவரது காணி பற்றிய முடிவு அவரால் வாசிக்க முடியாத தாளில் எழுதப்பட்டது. எனவே, விளங்காமை உயர்வின் அடையாளமாயிற்று. அந்த மனப்பாங்கைப் பாடசாலையும் வளர்க்கின்றது. பேச்சுப் போட்டி மேடையில் ஏறும் பத்து வயதுப் பிள்ளை, ஆசிரியரோ பெற்றாரோ எழுதிக் கொடுத்த, தனக்கே பொருள் தெரியாத சொற்றொடர்களைக் கைகளை வீசி முழங்குகின்றது. தான் பார்த்த ஆற்றைப் பற்றித் தன் சொற்களில் நாலு வரி எழுதிய பிள்ளையை விட, மனனம் செய்த வருணனையை ஒப்புவித்த பிள்ளைக்குக் கூடுதலான புள்ளி கிடைப்பதும் உண்டு. பிள்ளை அதிலிருந்து ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கின்றது: சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிடினும் சொல் பெரிதாக இருந்தால் போதும்.

இவ்வாறு பெரிய சொற்களை அடுக்குவோர் தாம் எதிர்பார்க்கும் மதிப்பைப் பெறுகின்றனரா என்பதையும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டானியல் ஒப்பன்ஹைமர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரே கட்டுரையின் எளிய வடிவத்தையும், அதன் சொற்களுக்குப் பதிலாக நீண்ட கடினமான சொற்களை இட்ட வடிவத்தையும் மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவரின் அறிவாற்றலை மதிப்பிடுமாறு கேட்டார். கடினமான வடிவத்தை வாசித்தோர் அதன் ஆசிரியரைக் குறைந்த அறிவுடையவராகவே மதிப்பிட்டனர். தத்துவஞானி டெக்கார்ட்டின் ஒரே பந்தியின் இரு மொழிபெயர்ப்புகளைக் கொடுத்தபோதும் எளிய மொழிபெயர்ப்பை வாசித்தோரே ஆசிரியருக்குக் கூடிய மதிப்பளித்தனர். சிரிக்கவும் பின்னர் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் 'இக் நோபல்' பரிசு இவ்வாய்விற்கு அதே ஆண்டில் கிடைத்தது. மேடையில் கைதட்டுவோர் மனதுக்குள் என்ன நினைக்கின்றனர் என்பதை எமது சொல்வீரர்கள் எண்ணிப்பார்ப்பது நல்லது.

எனினும், பேசுபவரின் மதிப்புக் குறைவது அவரோடு போகும் விடயம். அலுவலகத்தில் நடப்பது அப்படிப்பட்டதன்று. காணி தொடர்பான விண்ணப்பமொன்றைச் சமர்ப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஒருவருக்குப் பின்வருமாறு பதில் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம்: 'மேற்படி விடயம் தொடர்பில் தங்களால் சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பமானது உரிய ஆவணங்களினால் உறுதிப்படுத்தப்படாமையினால் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட முடியாத நிலைமை காணப்படுகின்றது என்பதனை இத்தால் தயவுடன் அறியத்தருகின்றேன்.' இதனையே இவ்வாறும் எழுதலாம்: 'உங்கள் விண்ணப்பத்துடன் காணி உறுதியின் பிரதி இல்லை. அதனை இம்மாதம் 30ஆம் திகதிக்கு முன்னர் எமது காணிக் கிளையில் கொடுங்கள். அதன் பின்னர் விண்ணப்பத்தைப் பரிசீலிப்போம்.'

இரண்டாவது கடிதம் எளிமையானது என்பதோடு, முதலாவதில் இல்லாத மூன்று தகவல்களையும் தருகின்றது. எந்த ஆவணம் குறைகின்றது, எங்கே கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்பன முதலாவது கடிதத்தில் இல்லை. பரிசீலிக்க மறுத்தவர் யார் என்பதும் இல்லை, 'நிலைமை காணப்படுகின்றது'. கடிதத்தைப் பெற்றவர் அதை எடுத்துக்கொண்டு கிராம அலுவலரிடமும், பின்னர் எழுத வாசிக்கத் தெரிந்த அயலவரிடமும், இறுதியில் பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பிக் கொடுப்பவரிடமும் அலைகின்றார். ஒரு நாட் கூலியும் பஸ் கட்டணமும் அந்த ஒரு வாக்கியத்தின் விலையாகின்றன.

இங்கு எமக்கு ஒரு தனியான பொறுப்பு உண்டு. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர் தமிழ் பேசும் மக்கள் தமது மொழியில் அரச கருமங்களை ஆற்றும் உரிமைக்காக நீண்ட காலம் போராடினர். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றங்களிலும் தமிழின் பயன்பாட்டுக்கு விரிவான ஏற்பாடுகளைச் செய்தது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இத்தனைக்கும் பின்னர் தமிழில் வரும் ஒரு கடிதம், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கே விளங்கவில்லையாயின் அந்த உரிமையால் அவர் அடைந்த நன்மை என்ன? தமிழில் கடிதம் வராதபோது குரல் எழுப்பும் நாம், விளங்காத தமிழில் வரும்போது மௌனமாக இருப்பது பொருத்தமானதன்று.

யுத்தத்தின் பின்னரான ஆண்டுகளில் இதன் கொடுமையை மிகவும் உணர்ந்தவர்கள் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களே. 2010ஆம் ஆண்டு கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் தொடர்பான கலந்தாலோசனைச் செயலணி மக்களிடம் கருத்துக் கேட்டு, 2017 ஜனவரியில் அறிக்கையைக் கையளித்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் 2016இல் நிறைவேற்றப்பட்டது. இவை ஒவ்வொன்றோடும் 'நிலைமாறுகால நீதி', 'பொறுப்புக்கூறல்', 'நல்லிணக்கப் பொறிமுறை' எனச் சொற்கள் பெருகின. சர்வதேசச் சட்டத்தில் இவற்றுக்குத் திட்டவட்டமான பொருள் உண்டு என்பது உண்மையே. ஆனால், அத்தாய்மார்களின் கேள்வி மிக எளியது: என் பிள்ளை எங்கே? 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்து ஆரம்பித்த தொடர் போராட்டம் அந்த ஒரே கேள்வியையே முன்வைத்தது. எளிய கேள்விக்குப் பெரிய சொற்களில் கிடைக்கும் பதில், பதில் இல்லை என்பதை மறைக்கும் திரையாகிவிடுகின்றது.

செயலை மறைக்கும் சொல்லையும் இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 2009இல் முடிவுற்ற இறுதி யுத்தத்தை அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என அழைத்தது. அதன் முடிவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பி வேலிகளுக்குள் தடுத்து வைக்கப்பட்ட முகாம்களுக்கு 'நலன்புரிக் கிராமங்கள்' எனப் பெயரிடப்பட்டது. அவற்றுள் மிகப்பெரிதான மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. இவ்விடயத்தில் எமது தரப்பும் விதிவிலக்காக இருக்கவில்லை. 2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில், ராஜீவ் காந்தி கொலை பற்றிய கேள்விக்குத் 'துன்பியல் சம்பவம்' என்ற பதிலே கிடைத்தது. துன்பியல் என்பது நாடக இலக்கியத்துக்குரிய சொல். அதில் கொன்றவரும் இல்லை, கொல்லப்பட்டவரும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் துரத்தப்பட்டதையும் 'இடப்பெயர்வு' என்று எழுதிக் கடந்து செல்வோர் எம்மிடையே இருக்கின்றனர். தாமாக இடம்பெயர்ந்ததற்கும் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அம்மக்கள் அறிவர். கேட்பவரை மயக்கும் பழக்கம் உடைய மொழி, உண்மையைச் சொல்ல வேண்டிய வேளையிலும் மயக்கத்தான் செய்யும்.

எமது சமயங்களும் அறநூல்களும் இதனைக் கண்டிக்கத் தவறவில்லை. திருவள்ளுவர் பயனில சொல்லாமைக்கென அறத்துப்பாலில் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். பெருமைக்காக வாய் நிறையச் சொற்களை அலங்கரித்துப் பேசுவோர் தமது வெறுப்புக்குரியோர் என நபிகள் நாயகம் (ஸல்) கூறியதாகத் திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ளது. பிரார்த்தனையில் வீண் சொற்களை அடுக்க வேண்டாம் என இயேசு போதித்ததை மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் காணலாம். இறைவனிடமே அலங்காரம் வேண்டாம் என்றால், மனிதரிடம் அது எதற்கு?

வேறு நாடுகள் இதனைச் சட்டத்தின் மூலமும் சீர்செய்ய முனைந்துள்ளன. பிரித்தானியாவில் 1979ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட எளிய ஆங்கிலத்துக்கான இயக்கம் அரச படிவங்களின் மொழியைத் திருத்துமாறு வலியுறுத்தி வந்துள்ளது. சுவீடனில் 2009 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மொழிச் சட்டம், அரச நிறுவனங்களின் மொழி செம்மையாகவும் எளிமையாகவும் விளங்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும் எனக் கூறுகின்றது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் எளிய எழுத்துச் சட்டம், மத்திய அரச நிறுவனங்கள் மக்களுக்கு வழங்கும் ஆவணங்கள் தெளிவாக எழுதப்பட வேண்டும் என விதித்தது.

இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மொழி உரிமை மீறல் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது எனக் கேட்டு எழுதலாம். ஆயினும் அதற்கு முன்னரே செய்யக்கூடியவை பல உள்ளன. ஒரு பிரதேச செயலகம் தான் அடிக்கடி அனுப்பும் பத்துக் கடிதங்களை எடுத்து, அவற்றைப் பெறும் மக்களுள் நான்கைந்து பேரை அழைத்து வாசிக்கச் சொல்லி, அவர்களுக்கு விளங்காத இடங்களைத் திருத்தி எழுதினால், அதற்கு ஒரு சதமேனும் செலவாகாது. வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் பள்ளிவாசல், ஆலய நிர்வாக சபைகளும் இதனையே செய்யலாம். ஆசிரியர்கள் பிள்ளையின் சொந்த வாக்கியத்துக்குப் புள்ளி வழங்கலாம். விழா அமைப்பாளர்கள் விளிப்பைத் தலைவர் ஒருவரோடு நிறுத்திக்கொள்ளுமாறு பேச்சாளர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

கேட்பவர்களாகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. விளங்காத ஒன்றைக் கேட்டவுடன் எமது அறிவிலேயே குறை இருப்பதாக எண்ணித் தலையசைக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அலுவலக மேசையின் முன்னால் நின்று, 'ஐயா, இதில் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள்?' என்று ஒருவர் கேட்பது அவமரியாதை ஆகாது. அது அவரது உரிமை. அந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மேசையிலும் கேட்கப்படுமாயின், கடிதம் எழுதுபவர் அடுத்த முறை அதனை எழுதும்போதே விடையையும் சேர்த்து எழுத வேண்டிய நிலை ஏற்படும்.